வெல்டிங் மிஷினுக்கு நாமே டிராலி செய்வது: முதல்முறை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மிஷின் வாங்கியாகிவிட்டது, கிரைண்டரும் வந்துவிட்டது, முதலில் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொழில்முறை வெல்டர் இல்லை. அம்பத்தூரில் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். கேட் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாஸ்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது பாதி, கெடுத்துக் கற்றுக்கொண்டது மீதி. உங்களிடம் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின், 4 இன்ச் கிரைண்டர், டிரில், டேப், மூலைமட்டம் இவ்வளவும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் மிஷின் ஏழெட்டு கிலோதான். ஒரு கையால் தூக்கலாம். அதற்கு எதற்கு டிராலி?

மிஷினுக்கு டிராலி தேவையில்லை. கேபிளுக்குத்தான் தேவை. ஹோல்டர் (ராடு என்னும் வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் பிடி) கேபிள், எர்த் கேபிள், கரன்ட் வயர், கிரைண்டர் வயர் என நாலும் தரையில் பின்னிக் கிடக்கும்போது ஒரு புள்ளி (சின்ன வெல்டு) வைப்பதற்குள் மூன்று முறை தடுக்கும். சூடான துண்டு கேபிள் மேல் விழுந்து ரப்பர் உருகும். கசடு தட்டும் சிப்பிங் சுத்தி எங்கே, வயர் பிரஷ் எங்கே என்று ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு தேடுவோம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் மிஷின் தூக்க முடியாத கனம், அதனால் அதற்குச் சக்கரம் வைத்தார்கள். இப்போது கனம் போய்விட்டது, ஆனால் மிஷினைச் சுற்றியுள்ள சாமான் அப்படியே இருக்கிறது. எனவே டிராலியை வரையும்போது மிஷினை நடுவில் வைத்து யோசிக்காதீர்கள். கேபிள் எங்கே தொங்கும், கிரைண்டர் எங்கே உட்காரும் என்று அங்கிருந்து தொடங்குங்கள்.

வெல்டிங் பிடித்துப் பத்து நாள்தான் ஆகிறது. செய்யலாமா?

செய்யலாம். வெல்டு விட்டுப்போனால் யார் தலையிலும் விழாத பொருளைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஏணி, ஊஞ்சல், மாடிப்படிக் கைப்பிடி, வண்டி ஜாக்கி ஸ்டாண்டு இவற்றை இன்னும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். ஆனால் இதற்கு முன்னால் ஒரு பாக்கெட் ராடாவது துண்டு இரும்பில் எரித்திருக்க வேண்டும். ராடை ஒட்டவிடாமல் பற்றவைத்து இரண்டு இன்ச் நேராக ஓட்டத் தெரிந்தால் போதும்.

என்ன அளவில் செய்வது?

என் சிபாரிசு: உள்ளளவு 15 இன்ச் அகலம், 20 இன்ச் நீளம், இரண்டு தட்டு, கால் 22 இன்ச். இந்த அளவைக் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. 15, 20 என்று பக்கங்கள் இருந்தால் மூலைக்கு மூலை சரியாக 25 இன்ச் வரும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது போடுகிற அதே 3, 4, 5 கணக்கு. மூலைமட்டத்தை நம்பாமல், டேப்பில் 25 வருகிறதா என்று பார்த்தே பிரேம் நேரா கோணலா என்று சொல்லிவிடலாம்.

4 இன்ச் வீல் மாட்டினால் அது தன் தகட்டோடு சேர்த்து ஏறக்குறைய 5 இன்ச் உயரம் கொடுக்கும். மேல்தட்டு 26, 27 இன்ச்சில் நிற்கும். அதன் மேல் மிஷினை வைத்தால் ஆம்பியர் திருகு இடுப்புக்குக் கிட்டத்தில் வந்துவிடும், குனிய வேண்டாம்.

ஆங்கிளா, ஸ்கொயர் டியூபா?

பார்க்க அழகு டியூப். முதல்முறை செய்பவருக்கு எல் வடிவ ஆங்கிள்.

காரணம் கனம். கடையில் 'ஒரு இன்ச் ஸ்கொயர் டியூப்' என்று கேட்டால் பெரும்பாலும் 16 கேஜ் அல்லது 18 கேஜ் எடுத்துக் கொடுப்பார்கள். 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதையே பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 1.2 மி.மீ. தகட்டில் 2.5 மி.மீ. ராடை வைத்துக் கொஞ்சம் நின்றால் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று. என் முதல் டியூப் வேலை சல்லடை மாதிரிதான் முடிந்தது.

25க்கு 25 ஆங்கிள், 3 மி.மீ. கனம் வாங்குங்கள். அதில் தப்பு செய்தாலும் தாங்கும். கூடவே இன்னொரு வசதி: ஆங்கிளின் ஒரு பக்கத்தை மேல்நோக்கி நிறுத்திப் பிரேம் போட்டால் அதுவே ஒரு இன்ச் ஓரச் சுவராகிவிடும். வண்டியைத் தள்ளும்போது மிஷின் நழுவி விழாது, தனியாகப் பட்டை அடிக்க வேண்டாம்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

பிரேம் ஒன்றுக்கு 70 இன்ச், இரண்டுக்கு 140. கால் நாலுக்கு 88. ஆக 228 இன்ச், அதாவது 19 அடி. ஒரு முழு நீளம் போதும். ஆனால் '20 அடி' என்று கடைக்காரர் சொல்வது பல நேரம் 6 மீட்டர்தான், அது 236 இன்ச். சில துண்டுகள் அதற்கும் குறைவாக இருக்கும். எடை போடும் முன் டேப் வைத்துப் பாருங்கள்.

இந்த ஆங்கிள் மீட்டருக்கு 1.1 கிலோ. அப்படியானால் முழு நீளம் ஆறரை கிலோ. தட்டுக்கு 16 கேஜ் எம்எஸ் (சாதா இரும்பு) ஷீட் இரண்டு துண்டு, சேர்த்து 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய கிலோ விலையால் பெருக்கிக்கொண்டு போனால் கடையில் ஏமாற மாட்டீர்கள். வீல், போல்ட், பெயின்ட் தனி. கைப்பிடிக்குப் புது இரும்பு வாங்காதீர்கள், எந்த வீட்டு மாடியிலும் ஒரு பழைய பைப் துண்டு கிடக்கும், துத்தநாகம் பூசிய ஜிஐ மட்டும் வேண்டாம், காரணம் கீழே.

கடையிலேயே பெரிய கட்டிங் மிஷின் வைத்திருப்பார்கள். ஆறு துண்டையும் அங்கேயே வெட்டி வாங்கினால் ஆட்டோ செலவு மிச்சம். அந்த மிஷினின் வீல் கனமானது, ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

காயலான் கடை இரும்பு வாங்கலாமா?

தாராளமாக. புதுப்பேட்டைப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர் உண்டா? பழைய கட்டில் ஆங்கிள், அலமாரி ஷீட் எல்லாமே இதற்குப் பொருந்தும். துருவையும் பெயின்டையும் வெல்டு வைக்கும் இடத்தில் ஒரு இன்ச் அகலத்துக்குத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு: ஜிஐ வேண்டாம். தண்ணீர்க் குழாய், சில ஷாமியானா பைப்புகள், வெள்ளி நிறத்தில் பூப்பூவாகத் தெரியும் ஷீட் எல்லாம் துத்தநாகம் பூசியவை. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், இரும்பு உருகவே 1500 டிகிரி கிட்டப் போக வேண்டும். அதனால் இரும்பு உருகும் முன்பே அது வெள்ளைப் புகையாக மூக்குக்குள் போய்விடும். அன்று இரவு குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் வரும். ஒரு நாளில் சரியாகிவிடும் என்று பட்டறையில் பால் குடிக்கச் சொல்வார்கள். பால் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. அந்த இரும்பை எடுக்காமல் இருப்பதுதான் வழி.

என்ன ராடு, எத்தனை ஆம்பியர்?

6013 ராடு, 2.5 மி.மீ. பட்டறை பாஷையில் 12 நம்பர். 10 நம்பர் என்பது 3.15 மி.மீ., அது இந்த வேலைக்குப் பெரிது.

ஆங்கிளோடு ஆங்கிள் சேர்க்க 75 முதல் 85 ஆம்பியர். ஷீட்டை ஆங்கிளில் பிடிக்க 60க்கு இறக்குங்கள். மிஷினில் காட்டும் எண் எல்லா மிஷினிலும் ஒன்றுபோல இருக்காது. துண்டில் ஓட்டிப் பார்த்து, ராடு அடிக்கடி ஒட்டினால் 5 ஏற்றுங்கள், பள்ளம் விழுந்தால் 5 இறக்குங்கள்.

டிசி மிஷினில் ஹோல்டரைப் பிளஸ், மைனஸ் இதில் எந்தப் பக்கம் மாட்டுவது என்றும் கேட்பார்கள். 6013 இரண்டிலும் எரியும். மெல்லிய ஷீட்டில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தால் ஹோல்டரை மைனஸுக்கு மாற்றிப் பாருங்கள், இரும்புக்குள் இறங்குவது குறையும்.

மழைக்காலத்தில் திறந்து வைத்த ராடு ஈரம் இழுத்துவிடும். படபடவென்று தெறிக்கும், பூச்சு உதிரும். ஐப்பசியில் வேலை என்றால் பாக்கெட்டைப் பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

நாலு மூலையும் சரியாகச் சேரும்படி பிரேமை எப்படிச் செய்வது? 45 டிகிரி வெட்ட எனக்கு வரவில்லை.

நாலு துண்டாக வெட்டிச் சேர்க்கவே வேண்டாம். கேட் பட்டறையில் செய்வது போல ஒரே துண்டில் வி வெட்டி மடக்குங்கள். இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு சுலபம்.

70 இன்ச் ஆங்கிளைத் தரையில் வையுங்கள். ஒரு பக்கம் படுத்திருக்கும், ஒரு பக்கம் நிற்கும். நிற்பது சுவர், அதில் கிரைண்டர் படவே கூடாது. ஒரு முனையிலிருந்து 15, 35, 50 இன்ச்சில் படுத்த பக்கத்தின் குறுக்கே கோடு போடுங்கள். சாக்பீஸ் கோடு 2 மி.மீ. தடிக்கும், ஆணியால் கீறுங்கள். இனி ஒவ்வொரு கோட்டிலும் வெளி விளிம்பில் இடதுபுறம் 22 மி.மீ., வலதுபுறம் 22 மி.மீ. குறித்து, அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் கோடு சுவரைத் தொடும் இடத்துக்குச் சாய்வாகக் கீறினால் ஒரு வி கிடைக்கும். வாய் 44, ஆழம் 22. ஆங்கிளின் 25 மி.மீட்டரில் சுவரின் 3 மி.மீ. கழிந்து மீதி 22, அதனால்தான் அந்த எண். இரண்டு முனைகளிலும் இதே போல அரை வி.

1 மி.மீ. கட்டிங் வீலால் வெட்டுங்கள். கீறல் முடியும் இடத்துக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிட்டு மீதியை அரத்தால் தேய்த்து எடுங்கள். உள்மூலையில் ஆங்கிள் கொஞ்சம் உருண்டையாகத் தடித்திருக்கும். அதை விட்டுவிட்டால் மடக்கும்போது வி மூடாது, இடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபக்கத்தை இழுத்தால் 3 மி.மீ. சுவர் கையாலேயே மடங்கும். மூன்று மூலை மடங்கியதும் இரண்டு முனைகளும் நாலாவது மூலையில் சந்திக்கும். வி வாயில் ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் கவலைப்படாதீர்கள், வெல்டு அதற்குள் இறங்க அது நல்லதுதான். 3 மி.மீ. இருந்தால் ஒரு மெல்லிய கம்பியை வைத்து நிரப்புங்கள்.

இப்போது நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி மட்டும். பிறகு மூலைக்கு மூலை அளவு. பிரேமுக்குள் டேப் சரியாக உட்காராது, அதனால் நான் ஒரு தென்னங்குச்சியை ஒரு குறுக்குக்குச் சரியாக வெட்டி, அதையே மறு குறுக்கில் வைத்துப் பார்ப்பேன். இடித்தால் அந்தப் பக்கம் குறுகியிருக்கிறது. நீளமான குறுக்கின் மூலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் சேர்ந்துவிடும். புள்ளிதானே, கொடுக்கும். முழு வெல்டு வைத்தபின் கொடுக்காது.

எல்லாம் சரியாக வைத்தேன். வெல்டு வைத்து முடித்ததும் பிரேம் முறுக்கிக்கொண்டுவிட்டது. ஏன்?

வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் இரும்பை இழுக்கும். ஒரே மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் இழுவை ஒரே பக்கம் சேரும். ஒரு மூலையில் அரை இன்ச், அதற்கு எதிர் மூலையில் அரை இன்ச், பிறகு மற்ற இரண்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள். இடையில் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரண்டு பிரேமையும் முதுகோடு முதுகு வைத்து நாலு இடத்தில் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு வெல்டு வைத்தால் ஒன்றை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கிளாம்ப் இல்லாதவர்கள் பக்கத்துப் பட்டறையில் ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கடன் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் மாஸ்டர் பழக்கமானார்.

கால் எங்கே, எப்படிப் பிடிப்பது?

காலும் ஆங்கிள்தான். பிரேமின் வெளிமூலையைக் காலின் உள்மூலை கட்டிப்பிடித்த மாதிரி நிற்கட்டும். மூலையே வழிகாட்டிவிடுவதால் கால் தானாகச் செங்குத்தாக உட்காரும். கீழ்ப்பிரேம் காலின் அடியோடு சமம், மேல்பிரேம் உச்சியோடு சமம். நாலு காலும் புள்ளியில் நிற்கும்போதே சமதளத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். வீட்டில் சமதளத்துக்கு நல்ல இடம் டைல்ஸ் தரை, ஆனால் அங்கே வெல்டு வைத்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. பார்ப்பதற்கு மட்டும் உள்ளே, வைப்பதற்கு வெளியே.

வீல் எப்படி? பழைய ஆபீஸ் நாற்காலி வீல் இருக்கிறது.

அதைத்தான் நானும் மாட்டினேன். இரண்டு இன்ச் வீல், நாலும் சுழலும். கேபிள் மேல் ஏறாது, சிமென்ட் தரைக் கீறலில் மாட்டும், தரையில் கிடக்கும் ராடு முனையில் முட்டி வண்டி தலைகுப்புறச் சாயும். ஒரு மாதத்தில் பிய்த்துப் போட்டேன்.

4 இன்ச்சுக்குக் குறையாமல் வாங்குங்கள். கைப்பிடிப் பக்கம் சுழலும் வீல் இரண்டு, அதில் ஒன்றாவது பிரேக் உள்ளது. எதிர்ப்பக்கம் சுழலாத வீல் இரண்டு. நாலும் சுழன்றால் வண்டி நேராகப் போகாது, சரிவான வாசலில் தானாக ஓடும்.

வீலை நேரடியாகப் பிரேமில் வெல்டு வைக்காதீர்கள். சூட்டில் கிரீஸ் எரியும், ரப்பர் உருகும். வீல் வழியாக வெல்டிங் கரன்ட் பாய்ந்தால் பேரிங் குண்டுகளில் பொட்டுப்பொட்டாகச் சூடு விழும், பிறகு கடகடவென்றுதான் உருளும். நாலு இன்ச் சதுரத்தில் 5 மி.மீ. பிளேட் நாலு வெட்டி, ஓட்டை போட்டு, அதைக் கீழ்மூலைகளில் வெல்டு வைத்து, எல்லாம் ஆறியபின் 8 மி.மீ. போல்ட்டில் வீலைப் பூட்டுங்கள். ஸ்பிரிங் வாஷர் மறக்க வேண்டாம். வீல் தேய்ந்தால் ஸ்பேனர் போதும்.

மூன்று வீல்தான் தரையில் படுகிறது.

போல்ட் போட்டதன் லாபம் இங்கே தெரியும். தொங்கும் வீலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வாஷர் கொடுத்துச் சரிசெய்யுங்கள். பெருமைப்பட முடியாது, ஆனால் யாருக்கும் தெரியாது.

கேபிள் மாட்டக் கொக்கி எப்படி? ஹோல்டரை எங்கே வைப்பது?

8 மி.மீ. கம்பியை வளைத்து இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் வையுங்கள். கம்பி முனை கூராக இருந்தால் கேபிளின் ரப்பரைக் கீறும், உருட்டித் தேய்த்துவிடுங்கள். இரண்டு கேபிளையும் ஒரே கொக்கியில் சுற்றாதீர்கள், பிரிக்கும்போது ஜடை பின்னியிருக்கும்.

ஹோல்டர் விஷயம் இதைவிட முக்கியம். மிஷின் ஆனில் இருக்கும்போது ஹோல்டரில் ராடோடு டிராலி மேல் போட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. மிஷின் உடம்பு பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. டிராலி அந்த உடம்பைத் தொட்டிருக்கிறது. நீங்கள் வெல்டு வைக்கும் பொருள் கட்டடக் கம்பியையோ எர்த் ஆன வேறெதையோ தொட்டிருந்தால், ராடு டிராலியில் பட்ட நொடியில் வெல்டிங் கரன்ட் முழுதும் வீட்டின் மெல்லிய எர்த் வயர் வழியாக வழி தேடும். அந்த வயர் 80 ஆம்பியருக்குப் போட்டதில்லை, சுவருக்குள்ளேயே வெந்துவிடும்.

அதனால் ஹோல்டருக்கு இரும்பில் இடம் வேண்டாம். மரக்கட்டையில் ஒரு பள்ளம் வெட்டி அதைப் போல்ட்டில் பூட்டுங்கள். ராடை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டே மாட்டுங்கள். எர்த் கிளாம்ப் கடிக்க மட்டும் எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை.

மிஷின் மேலேயா கீழேயா?

இன்வெர்ட்டர் என்றால் மேலே. அதன் காற்றாடி எதையும் பார்க்காமல் இழுக்கும். கீழ்த்தட்டில் வைத்தால் கிரைண்டர் பொடி நேராக உள்ளே போகும். இரும்புப் பொடி சர்க்யூட் போர்டில் படிந்தால் ஒரு நாள் பட்டென்று போய்விடும். எனக்கு ஒரு போர்டு அப்படிப் போனது, ரிப்பேர் கடையில் மிஷினைக் கவிழ்த்தபோது ஒரு ஸ்பூன் அளவு பொடி கொட்டியது. தப்பு மிஷின்மேல் இல்லை, நான் அதன் முகத்துக்கு நேராக கிரைண்டர் பிடித்ததுதான்.

பின்பக்கம் அரை அடி காற்றோட்டம் விடுங்கள். பார்க்கப் பாந்தமாக இருக்கும் என்று மூடிய பெட்டி மாதிரிச் செய்யாதீர்கள். மிஷின் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிஷத்துக்கு ஆறு நிமிஷம்தான் எரிக்கலாம், நாலு நிமிஷம் ஆற வேண்டும் என்று அர்த்தம். ஆறுவதற்குக் காற்று வேண்டும்.

தட்டு ஷீட்டைச் சுற்றிலும் முழுதாக வெல்டு வைக்க வேண்டுமா?

வேண்டாம், அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஷீட்டை உள்ளளவைவிட 2 மி.மீ. குறைத்து வெட்டிப் பிரேமுக்குள் இறக்குங்கள். நாலு இன்ச்சுக்கு ஒரு முறை அரை இன்ச் வெல்டு போதும். ராடு முனையை ஆங்கிள் பக்கம் காட்டுங்கள், ஷீட் பக்கம் லேசாகத் தொட்டுவிட்டு வாருங்கள். கீழ்த்தட்டை வெல்டே வைக்காமல் சும்மா போட்டு வைத்தாலும் போதும், பொடியைத் தட்ட எடுக்கலாம்.

என்னுடையது மிக் மிஷின் (ராடுக்குப் பதில் கம்பிச் சுருளும் வாயுவும் போடுவது), சிலிண்டர் இருக்கிறது. இதே டிராலி ஆகுமா?

ஆகாது. கணக்கே வேறு. நிறைந்த பெரிய சிலிண்டர் ஒரு ஆள் கனம் இருக்கும், உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவு. அதற்குக் கீழ்ப்பிரேம் பின்னால் நீண்டு தரைக்கு ஒட்டி ஒரு தட்டு வேண்டும். பின்சக்கரம் 6 அல்லது 8 இன்ச், அந்தச் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே சிலிண்டர் நிற்க வேண்டும். மிஷின் கீழ்த்தட்டில். சிலிண்டரை இரண்டு இடத்தில் செயினால் கட்ட வேண்டும், கயிறு தெறிப்பில் எரிந்துவிடும். நகர்த்தும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். சிலிண்டர் மேல் ஆர்க் அடிப்பது, எர்த் கிளாம்ப் கடிக்க வைப்பது இரண்டும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். இதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். சிறிய டிராலியை முடித்துவிட்டு வாருங்கள்.

வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போடலாமா?

இந்த வேலைக்குப் போடலாம். 80 ஆம்பியரில் எரிக்கும்போது ஆர்க்கில் 23 வோல்ட்தான் இருக்கும், மிஷின் 230 வோல்ட் லைனில் இழுப்பது 12 முதல் 15 ஆம்பியர் வரை. 200க்குத் திருப்பினால் 30 தாண்டும், பிளக் கருகும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பருக்குக் குறையக் கூடாது. சுருட்டி வைத்த நிலையில் ஓட்டாமல் முழுதாக விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு சேரும்.

கண்ணுக்கு என்ன பாதுகாப்பு? ஒரு புள்ளிதானே, கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாமா?

கூடாது. ஆர்க் வெளிச்சத்தில் இருப்பது வெயிலைவிடப் பன்மடங்கு உக்கிரமான புற ஊதா. அது படும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து, சாப்பிட்டுப் படுத்து, நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்கு வில்லை, வெள்ளரிக்காய், தாய்ப்பால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். குளிர்ந்த துணி போட்டுக்கொண்டு காலையில் கண் டாக்டரிடம் போங்கள். கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்.

இந்த ஆம்பியருக்கு ஹெல்மெட்டில் 10 அல்லது 11 ஷேடு (இருட்டு அளவு) கண்ணாடி. பருத்திச் சட்டை, முழுக்கை. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கி, ரப்பர் செருப்பு சுத்தமாக ஆகாது. கிரைண்டர் பிடிக்கும்போது தனியாகக் கண்ணாடி போடுங்கள். வீலை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சுவர் மேல் எட்டிப் பார்ப்பார்கள், ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். அருகில் ஸ்கூட்டர் நின்றால் முதலில் அதைத் தள்ளிவிட்டு வாருங்கள்.

என் வெல்டு புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. தாங்குமா?

வெல்டின் மேல் படிந்த கசடைத் தட்டிப் பாருங்கள். புழு இரண்டு பக்க இரும்பிலும் கரைந்து உட்கார்ந்திருந்தால் அசிங்கமாக இருந்தாலும் தாங்கும். இரும்பு மேல் ஒட்டுப் பொட்டு மாதிரி உப்பி நின்றால், ஆம்பியர் குறைவு அல்லது ராடு தூரம் அதிகம். சந்தேகம் இருந்தால் இரண்டு துண்டு ஆங்கிளை அதேபோலச் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, சுத்தியால் மடக்கி உடையுங்கள். வெல்டு இரும்பை விட்டு உரிந்து வந்தால் பழைய வெல்டைத் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறைக்கப் பார்த்தால், இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும்.

பெயின்ட்?

அன்றே அடியுங்கள். சென்னைக் காற்றில் தேய்த்த இரும்பு மறுநாள் காலையில் மஞ்சள் பூத்துவிடும். கசடு, எண்ணெய் இரண்டும் போகத் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. தின்னர் டப்பாவை வெல்டிங் சாமானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எர்த் கடிக்கும் பட்டைக்குப் பெயின்ட் வேண்டாம்.

முடித்தபின் இன்னும் என்ன சேர்க்கலாம்?

இரண்டு வாரம் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள், முன்கூட்டியே டிராயர், பெட்டி என்று பிளான் போட வேண்டாம். நான் சேர்த்தது மூன்று. ராடு 350 மி.மீ. நீளம் என்பதால், இரண்டரை இன்ச் பிவிசி குழாய் ஒரு துண்டு, இருபக்கமும் மூடி. பிளம்பர் விட்டுப்போன மிச்சம், செலவில்லை, ஈரம் புகுவதில்லை. அடுத்தது கிரைண்டர் கழுத்து உட்காரும் ஒரு பிளவு. மூன்றாவது, எரிந்து மிஞ்சும் ராடு முனைகளைப் போட ஒரு பழைய பால்பவுடர் டப்பா, கைப்பிடியில் கம்பியால் கட்டியிருக்கிறது. டப்பா நிறைந்தால் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்.